கூட இருக்கிறவங்க யாரு?

(ஆரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியது இந்த ஊர் நெசவாளர் குடும்பம் ஒன்று. அவர்களின் பேரப்பிள்ளை மருத்துவமனைக்குப் போய் வீடு திரும்பவில்லை. அந்தக் குழந்தையின் நினைவாக ஆண்டுக்கு ஒரு பேச்சு நடக்கட்டும், எங்கள் பெயர் மட்டும் அழைப்பிதழில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டபோது, "யாராவது குழந்தை டாக்டரைக் கூப்பிடலாமே" என்றேன். அந்த வீட்டுப் பெரியவர் சொன்னார்: "டாக்டருங்க பேசினதை வாசப்படியிலேயே நின்னு நிறையக் கேட்டுட்டோம்மா. நீ பேசு."

வாசப்படியில் நிறுத்தியவர்களில் நானும் ஒருத்தி. முப்பத்து நாலு வருடம் செவிலியராக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டில். ஆகவே இன்று நான் பேசப்போவதில் பாதி அறிவுரை, பாதி வாக்குமூலம். எது எந்தப் பாதி என்பது போகப்போக உங்களுக்குத் தெரிந்துவிடும்.

குழந்தைகள் வார்டில் ஒரு நாளைக்கு நூறு முறையாவது கேட்கிற குரல் ஒன்று உண்டு. "பதினாலாம் நம்பர் பெட்டு! கூட இருக்கிறவங்க யாரு?" உடனே ஒரு அம்மா எழுந்து ஓடி வருவாள். ரத்தத்தை லேபில் கொண்டுபோய்க் கொடு. ஸ்கேனுக்கு வரிசையில் நில். ஸ்ட்ரெச்சரைத் தள்ளு. இங்கே கையெழுத்துப் போடு. பாட்டில் தீரப்போகுது, பார்த்துக்கிட்டிருந்து சொல்லு. முப்பத்து நாலு வருடத்தில் அந்தக் குரலை ஆயிரக்கணக்கான முறை நானே எழுப்பியிருக்கிறேன். அப்படிக் கூப்பிட்டு, "புள்ள நேத்துக்கு இன்னிக்கு எப்படி இருக்குன்னு நீ நினைக்கிற?" என்று கேட்டது எத்தனை முறை என்றால், விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சீமையில் ஒரு காலத்தில் கதை வேறு. அங்கே பெற்றோரை வார்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். சில மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு பிற்பகல் மட்டும் பார்க்கலாம். பெற்றோர் வந்தால் தொற்று வரும், வந்து போனபின் பிள்ளை அழும் என்பது வாதம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்று ஒருவர். ஸ்காட்லாந்தில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் ஆனா ஃபிராய்டு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. அந்த இல்லத்தில் ஒரு விதி இருந்தது: என்ன வேலை செய்பவரானாலும், குழந்தைகளிடம் தான் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தரவேண்டும். அங்கே பழகிய கண்ணோடுதான் அவர் 1952-இல் ஒரு படம் எடுத்தார். லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமி ஒரு சிறு அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அவ்வளவுதான் படம். வசனம் பேசி யாரும் அழவில்லை. ஆனால் நாளாக ஆக அந்தக் குழந்தையின் முகம் மூடிக்கொண்டே வருகிறது. தாயைக் கண்டதும் ஓடி வராமல் தலையைத் திருப்பிக்கொள்கிறது. செவிலியர்கள் "நல்லா பழகிட்டா, அழுறதே இல்லை" என்று நினைத்த இடத்தில், அது நம்பிக்கையை விட்டுவிட்டது என்று படம் காட்டியது. மருத்துவர்களின் சபையில் திரையிட்டபோது பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்த பிறகும் வார்டுக் கதவு உடனே திறக்கவில்லை. தாய்மார்கள் சங்கம் கட்டிப் போராட வேண்டியிருந்தது.

நம் ஊரில் தாயை யாரும் வெளியே அனுப்பவில்லை. இதை நம் பண்பாட்டின் பெருமையாகச் சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பெருமையில் கொஞ்சம் சந்தேகம். அறுபது குழந்தைகளுக்கு இரவில் இரண்டு செவிலியர் இருக்கும் வார்டிலிருந்து தாய்மாரை வெளியே அனுப்பினால், விடிவதற்குள் வார்டே நின்றுபோகும். அவர்கள் உள்ளே இருப்பது எங்களுக்குக் கை போதாததால். கையை மட்டும் உள்ளே விட்டோம்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வடாற்காட்டில் பாட்டியை "ஆயா" என்போம். மருத்துவமனையில் ஆயா என்றால் வேறு ஆள். ஒருமுறை ஒரு மூன்று வயதுப் பையன் இரவு முழுக்க "ஆயா, ஆயா" என்று அழுதான். எங்கள் வார்டு ஆயா மூன்று தடவை எழுந்து வந்து, "இங்கதான்டா இருக்கிறேன், உனக்கு என்னடா வேணும்" என்று அதட்டிவிட்டுப் போனாள். அவளுடைய ஊர் தெற்கே. விடிந்த பிறகுதான் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள், வீட்டில் அவனை வளர்ப்பது அவன் ஆயா என்று. இரவிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க யாரும் கேக்கலியே சிஸ்டர்."

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். 2017 டெங்கு ஆண்டு. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. எங்கள் வார்டில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள், கட்டிலுக்கடியில் பாயில் இன்னொன்று. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம், அந்த ஆண்டு எல்லா இடமும் அப்படித்தான் இருந்தது. ஆரணியை அடுத்த ஊரிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் பிள்ளை, ஆறு வயது. மூன்று நாள் நெருப்பாய்க் காய்ந்து நாலாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. டெங்குவில் ஆபத்தான நேரம் அதுதான் என்று உங்களில் பலருக்கு இப்போது தெரிந்திருக்கும். காய்ச்சல் இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிறு வலிக்கும், கைகால் ஜில்லிடும், சிறுநீர் குறையும்.

வார்டுக்கு வந்த அன்று அந்த அம்மாவிடம், "எவ்வளவு குடிக்குது, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவுதுன்னு பாத்துக்கம்மா" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறேன். சொன்னதை அடுத்த நிமிடமே மறந்துவிட்டேன். எல்லா அம்மாக்களுக்கும் சொல்வதுதானே. அவள் மறக்கவில்லை. எழுதவும் அவளுக்குப் பழக்கமில்லை. துணிப்பையின் வாயைக் கட்டத் தறியிலிருந்து மிச்சப் பட்டு நூல் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள், ஒரு கத்தை மஞ்சள், ஒரு கத்தை சிவப்பு. பிள்ளை ஒரு டம்ளர் குடித்தால் மஞ்சளில் ஒரு முடிச்சு. ஒரு தடவை சிறுநீர் கழித்தால் சிவப்பில் ஒரு முடிச்சு. வார்டுச் சுவரில் கடிகாரம் இருந்தது. மணிக்கு ஒரு விரற்கடை என்று நூலில் தள்ளித் தள்ளி முடிச்சுப் போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை எட்டு மணி. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரம். ரவுண்ட்ஸ் என்றால் கூட இருக்கிறவர்கள் எல்லோரும் வெளியே போய்விடவேண்டும், அதுதான் அங்கே விதி. பாயைச் சுருட்டு, பையைக் கட்டிலுக்கடியில் தள்ளு, வெளியே நில்லு. இந்த அம்மா மட்டும் வாசலில் நின்றுகொண்டு கையை நீட்டி என்னவோ சொன்னாள். "அப்புறம் சொல்லும்மா, நகரு" என்று நான்தான் கதவைச் சாத்தினேன். உள்ளே அந்தப் பிள்ளையின் கேஸ் ஷீட்டில் "சிறுநீர் போதிய அளவு" என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. முந்தின நாள் மாலை எழுதியது. பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் படித்தார், காய்ச்சலும் இல்லை என்று தலையசைத்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஒன்பதரைக்குக் கதவைத் திறந்தோம். அவள் நேரே என்னிடம் வந்து நூலை நீட்டினாள். "கடைசிச் செவப்பு முடிச்சு ராத்திரி பத்து மணிக்குப் போட்டது சிஸ்டர். அதுக்கப்புறம் புள்ள போவவே இல்ல. கை வேற சில்லுனு கீது." முடிச்சுகள் என் கண்ணில் படவில்லை. கடைசி முடிச்சுக்குப் பிறகு தொங்கிய வெறும் நூல்தான் பட்டது. பதினோரு விரற்கடைக்கு ஒரு முடிச்சும் இல்லை.

ஓடினோம். நாடி பிடிபடவே சிரமமாக இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் கெட்டிப்பட்டிருந்தது. திரவம் ஏற்றி, மணிக்கு மணி பார்த்து, மாலைக்குள் பிள்ளை திரும்பியது. பிழைத்தது. பிழைத்ததால்தான் இதை இந்த மேடையில் சொல்ல முடிகிறது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் என் கணக்கில்தான் இருக்கிறது. வார்டிலேயே அந்தப் பிள்ளையைப் பற்றி அதிகம் தெரிந்தவள் கதவுக்கு வெளியே நின்ற ஒன்றரை மணி நேரம் அது.

கதவு சாத்துவது நம் நாட்டு வழக்கம் மட்டும் இல்லை. 2021-இல் லண்டனில் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டவள், ரத்தத்தில் தொற்று பரவி இறந்துபோனாள். பிள்ளைக்கு உடம்பு மோசமாகிறது என்று தாய் திரும்பத் திரும்பச் சொல்லியும் எடுபடவில்லை. தாய் ஒரு பத்திரிகையாளர். எழுதினார், விடாமல் எழுதினார். தீவிர சிகிச்சைக்கு முன்னதாகவே மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையிலும் சொல்லப்பட்டது. 2024-லிருந்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' என்று ஒன்று நடைமுறைக்கு வந்திருக்கிறது. கவலை இருந்தால் நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாக வேறொரு மருத்துவக் குழுவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். படித்த நாடு, பேசத் தெரிந்த தாய். அங்கேயே ஒரு பிள்ளையைக் கொடுத்துத்தான் அந்த விதி வந்தது என்றால், முடிச்சுப் போட்ட நூலோடு நின்ற நம்மூர்ப் பெண் எந்த மூலைக்கு?

"படிக்காதவங்க, அவங்களுக்கு என்ன தெரியும்" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது பன்கான் கதை. 1971, வங்கதேசப் போர். மேற்கு வங்க எல்லையில் அகதிகள் முகாமில் காலரா. திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் அங்கே போகிறார். பன்கான் மருத்துவமனையில் நோயாளிகள் தரையெல்லாம் படுத்துக் கிடக்கிறார்கள். நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வருகின்றன. அவர் குளுக்கோஸையும் உப்பையும் சோடா உப்பையும் அளந்து தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். அதைக் குவளையில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் உட்கார்ந்து புகட்டியவர்கள் யார்? அம்மா, அண்ணன், மாமியார், பக்கத்துக் கூடாரத்துக்காரி. சுமார் முப்பது சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. உப்புச் சர்க்கரைக் கரைசல் உலகமெல்லாம் போனது அதற்குப் பிறகுதான். மகலனாபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் கொடுத்தார்கள். குவளை பிடித்தவர்களுக்கு விருது கிடையாது, அது பரவாயில்லை. எவ்வளவு கொடுக்கவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அவர்களிடமே நம்பி விட்டார்களே, அந்த நம்பிக்கையைத்தான் நான் கேட்கிறேன்.

பக்கத்திலேயும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்ணமங்கலம் வழியாகப் பேருந்து ஏறினால் வேலூர். அங்கே பாகாயத்தில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியது. மனநோயாளி என்றால் கம்பிக்குள் அடைத்துவிட்டுக் குடும்பம் கைகழுவிய காலம் அது. அங்கே நோயாளியோடு வீட்டார் ஒருவரும் வந்து தங்கவேண்டும், சிகிச்சையில் சேரவேண்டும் என்று வைத்தார்கள். இப்போது அதே வளாகத்தில் நம்பிக்கை நிலையம் என்ற குழந்தைகள் மனநலப் பிரிவில், வளர்ச்சி தாமதமான பிள்ளைகளோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி கற்றுப்போகிறார்கள். மனதுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் அறுபது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்ததை, உடம்புக்கு வைத்தியம் பார்க்கும் நாங்கள் இன்னும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் கதவு இன்னும் கெட்டி. பெற்ற தாய் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள், பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்புவாள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தவித்த எட்கர் ரே என்ற மருத்துவர், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாகக் கட்டிவைத்தார். கங்காரு முறை என்று நம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை பேர் வந்துவிட்டது. ஆனாலும், "குழந்தை முதலில் நிலையாகட்டும், பிறகு தாயிடம் தரலாம்" என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. ஒரு கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளில், பிறந்ததுமே தாய் மார்பில் வைக்கப்பட்டவர்களிடம் முதல் 28 நாள் சாவு 12 சதவீதம். நிலையான பின் வைக்கப்பட்டவர்களிடம் 15.7. அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட்டார்கள். நம் நாட்டிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே, பச்சிளங் குழந்தைகள் பிரிவில் பெற்றோரைப் பயிற்சி கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ள வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. கை கழுவுவது, பால் புகட்டுவது, மார்பில் வைப்பது, ஆபத்தின் அறிகுறி காண்பது எல்லாம் அதில் உண்டு. தகப்பன்மாரும் செய்யலாம். ஒரு நெசவாளித் தகப்பனைப் பிள்ளையை மார்பில் வைத்து உட்காரவைத்தோம். மூன்று மணி நேரம் அசையவில்லை. "கால் மரத்துப் போகலையா?" என்றேன். "தறிக் குழியில உக்காந்து பழகின உடம்பும்மா" என்றார்.

இங்கேதான் நான் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. தகப்பன் மூன்று மணி நேரம் உட்காருகிறார் என்றால் தறியில் மூன்று மணி நேரம் ஆள் இல்லை. கோர்வைப் புடவை போடுகிற வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். கரைக்கு நாடா போடத் துணை ஆள் வேண்டும். துணை ஆள் பெரும்பாலும் பெண்டாட்டி. பிள்ளையோடு அவள் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய்விட்டால், வீட்டில் இருக்கும் புருஷனாலும் நெய்ய முடியாது. படுத்தது ஒரு பிள்ளை, நின்றது முழுத் தறி. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும், முகூர்த்தத் தேதி நிற்காது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்குக் கொடுக்கிறது. நல்ல திட்டம், எத்தனையோ பிள்ளைகள் அதனால் பிழைத்ததைப் பார்த்தவள் நான். ஆனால் நின்ற தறிக்கு அதில் பத்தி இல்லை. "இன்னும் நாலு நாள் இருக்கட்டும்" என்று டாக்டர் சொன்னதும் அம்மா முகத்தில் ஓடும் கணக்கு எங்களுக்குப் புரியாது. எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். "பொறுப்பில்லாத ஜனங்க" என்போம்.

சுவீடனில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் பெற்றோர் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு 120 நாள் வரை அரசு ஈட்டுத்தொகை தருகிறது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம் நாட்டிலேயே, ஊட்டம் குறைந்த குழந்தைகளைச் சேர்க்கும் மறுவாழ்வு மையங்களில், கூட இருக்கும் தாய்க்கு இழந்த கூலிக்கு ஈடு தரவேண்டும் என்று விதி இருக்கிறது. தாய் அங்கே இருப்பது ஒரு வேலை என்று சர்க்கார் ஓரிடத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. டெங்குப் பிள்ளையின் தாய் மட்டும் என்ன, அங்கே சும்மாவா உட்கார்ந்திருக்கிறாள்? இந்த அரங்கில் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் இருக்கிறீர்கள், பட்டு வியாபாரம் செய்யும் முதலாளிகளும் இருக்கிறீர்கள். பிள்ளை மருத்துவமனையில் இருக்கும் நாளைப் புடவைக் கெடுவிலிருந்து கழித்துவிடுவதற்கு ஒரு தீர்மானம் போதும், சட்டம் தேவையில்லை.

மருத்துவமனைக்காரர்களிடமும் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ரவுண்ட்ஸின்போது தாயோ தகப்பனோ கட்டிலின் கால்மாட்டில் நிற்கட்டும். அடுத்த கட்டிலுக்குப் போகுமுன், "நீங்க என்ன பாத்தீங்க?" என்று ஒரு கேள்வி. அரை நிமிடம். பேசிக்கொண்டே போவார்கள், நேரம் ஆகும் என்று டாக்டர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, கேட்காமல் விடப்பட்டவர்கள்தான் பேசிக்கொண்டே போகிறார்கள். இரவில் தகப்பன்மார் பேருந்து நிலையத்தில் செய்தித்தாள் விரித்துப் படுக்கிறார்கள். தாய்மார் படுக்கும் வார்டுக்குள் அவர்களைப் படுக்கவைக்க முடியாது, நியாயம்தான். பகலிலாவது அவர்களுக்கு ஒரு நாற்காலி போடலாம்.

அந்த நூலுக்கு வருகிறேன். பிள்ளை வீட்டுக்குப் போகும் நாள். டிஸ்சார்ஜ் சீட்டுக்காக அந்த அம்மா கட்டிலில் காத்திருந்தாள். மடியில் அந்தப் பட்டு நூல். நகத்தால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பட்டில் முடிச்சு அவிழ்ப்பது எவ்வளவு சிரமம் என்று நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். "ஏம்மா அவிழ்க்கிற? எனக்குக் கொடு, நான் வெச்சிக்கிறேன்" என்றேன். கொடுத்தால் அதை மேசைக் கண்ணாடிக்கடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை.

"மொதலாளி வீட்டு நூலு சிஸ்டர்" என்றாள் தலை நிமிராமல். "எடை போட்டுக் குடுத்தது. மிச்சத்தையும் எடை காட்டணும்."